இடது மூலையில் விழுந்த மடிக்கணினிகள்

கவுண்டரில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பயிற்சிக் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்பதற்கு மட்டும் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. கோபமாக வருகிறவர் பேசும்போது தலையை எந்தப் பக்கம் சாய்த்துக் கேட்பது என்பதற்கு ஒரு படமே போட்டிருக்கிறார்கள். அவர் கொண்டுவந்த பொருளைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற சின்ன விஷயத்துக்குத்தான் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தை நிரப்பலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் பெயர் கமலா. சிலாங்கூர் மாநிலத்து ரவாங்கில் ஒரு மடிக்கணினி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பதினேழு வருடம் இருந்தேன். அதன்பிறகு கடைசி மூன்று வருடம் கோலசிலாங்கூரில். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத ஆள் இல்லாத அலுவலகம் அது. பெயரைச் சொன்னால் மறுநாளே ஆள் கிடைத்துவிடுவார்.

நீங்கள் பிழையில்லாமல் வேலை செய்யக்கூடியவர்கள்; பார்த்தாலே தெரிகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். என் அறிக்கைகளில் எழுத்துப் பிழை இருக்காது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். அப்படி ஒரு பிழையில்லாத அறிக்கையால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு மெல்லிய மாடல் வந்தது. விளம்பரத்தில் ஒரு பெண் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு மலையுச்சியில் நடப்பாள். மலையுச்சியில் அவளுக்கு என்ன கணக்கு வேலை என்று யாரும் கேட்கவில்லை, வாங்கினார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படித்த காலம் அது. கடையில் எது இருந்ததோ அதைத்தான் வாங்கினார்கள், இருந்தது இதுதான்.

அந்த மாடலில் திரையையும் அடிப்பாகத்தையும் சேர்க்கும் கீல், கோட்டைக் கதவுக்குப் போடுவதுபோல அவ்வளவு இறுக்கம். அது பொருத்தப்பட்டிருந்த மூடியோ வெறும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னப் பித்தளைக் கொட்டைகளைப் பதித்து, அதில் திருகாணி முடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கீல் தன் பலத்தை எல்லாம் அந்தக் கொட்டைகளிடம் காட்டும். ஒரு வருடத்துக்குள் கொட்டைகள் பெயர்ந்துவிடும், இடது பக்க மூலை வாயைப் பிளக்கும். வலது பக்கம் ஏனோ கொஞ்சம் பொறுமைசாலி.

நிறுவனம் இதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்ததால்தான் திறக்கும் முறையை விளக்கி எங்களுக்கு ஒரு தாள் அனுப்பியது. மடிக்கணினியைச் சமதளத்தில் வைத்து, இரண்டு கைகளாலும், மூடியின் சரியான நடுப்பகுதியைப் பிடித்து, மெதுவாகத் திறக்க வேண்டும். கோயில் நடையைத் திறக்கும் குருக்கள்கூட இவ்வளவு பவ்வியமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. இந்தத் தாளை நான் மனப்பாடம் செய்து, உடைந்த மூடியோடு வருகிற ஒவ்வொருவருக்கும் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒப்பித்தேன்.

பிறகு அறிக்கை. கணினியில் "சேதத்தின் காரணம்" என்று ஒரு கட்டம் வரும். அதில் தேர்ந்தெடுக்க மூன்று பதில்கள்: கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது, வெளியார் திறந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அறிக்கை அச்சாகாது. "தானாகவே பெயர்ந்தது" என்று நான்காவதாக ஒன்று இல்லை. நிறுவனத்தின் பொருள்கள் தானாக எதையும் செய்யாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு உறுதி. கீல் உடைந்து வந்தால் தண்ணீர் என்று எழுத முடியாது. வெளியார் திறந்தது என்றும் எழுத முடியாது. மிச்சமிருந்ததை எழுதினேன்; விழுந்த பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது, பழுதுபார்க்கக் காசு அவர்கள்தான் கொடுக்க வேண்டும். ஓர் அறிக்கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்கள் பட்டறையில் ஒரு மூத்த டெக்னிஷியன் இருந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். அதனால் பெயர் வேண்டாம். சீனர். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்து மக்களுக்கு மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் நம்மில் பலரைவிட அவருக்குத் தமிழ் சரளம். நான் அறிக்கையை அச்சடித்துக் கொடுக்கும்போதெல்லாம் வாங்கிப் பார்த்து, "இதுவும் வுழுந்துச்சா? அலாமாக்!" என்று மலாயில் வியப்பார். அவ்வளவுதான். ஒரு நாள்கூட எனக்குப் புத்தி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் தலையைச் சாய்த்துக் கேட்டிருப்பேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஒரு மணிக்கு அடைத்துவிடுவோம். பன்னிரண்டு மணிக்கு வட்டார மேலாளர் வருவதாக இருந்தது. வாடிக்கையாளர் திருப்தியில் எங்கள் சென்டர் வட்டாரத்திலேயே முதல் இடம். சான்றிதழ் கொடுத்துப் படம் எடுக்க வருகிறார். "திருப்தியா?" என்று கேட்கும் குறுஞ்செய்தி, நாங்கள் இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் போகும் என்பதைச் சான்றிதழில் போட இடமில்லை. நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கையில் ஹெல்மெட், முகமெல்லாம் புழுதி. பெஸ்தாரி ஜெயா ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியை என்றாள்; பெயர் தேன்மொழி என்று பிறகுதான் தெரிந்தது. பத்து கிலோ அரிசிப் பையிலிருந்து ஒரு துவாலையை எடுத்தாள், துவாலைக்குள் மடிக்கணினி. அதன்மேல் நான் போன மாதம் எழுதிய அறிக்கை, நான்காக மடித்தபடி. மடிக்கணினியோடு அறிக்கையையும் சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பிவைத்தது எனக்கு நினைவில்லை. என் கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

"அக்கா, இதுல கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான் டீச்சர். என்ன விஷயம்?"

"இது வுழுந்தத நீங்க பாத்தீங்களா?"

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. தேட வேண்டாம், நான் தேடிவிட்டேன்.

"டீச்சர், சில நேரத்துல நமக்கே தெரியாம எங்கயாச்சும் இடிச்சிருக்கும்..." என்று ஆரம்பித்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், தலையையும் சாய்த்தேன்.

"எனக்கே தெரியாம வுழுந்தது ஒங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுச்சு?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னாள். பள்ளி வாரியம் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி. அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் பாடம் முடிந்து மூடும்போது இடது பக்கம் டக்கென்று ஒரு சத்தம். அன்றைக்கே அலுவலகத்தில் சொல்லி ஒப்படைத்துவிட்டாள். ஆனால் ரவாங்கிலிருந்து வந்த தாளில் "கீழே விழுந்தது" என்று இருந்தது. அவள் மறைத்துவிட்டாள் என்று வாரியம் முடிவு கட்டிவிட்டது.

"இன்னிக்கி மூணு மணிக்கு மீட்டிங்கா. கீழ போட்டுட்டேன், பொய் சொன்னது தப்புனு எழுதிக் கையெழுத்து போட்டா, மன்னிச்சு வேலயில வச்சுக்குவாங்களாம். போடலனா அடுத்த பள்ளித் தவணையிலேர்ந்து வர வேணாம்னு தலைவர் சொல்லிட்டாரு. எங்கம்மாவே, ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போயேன்னு சொல்றாங்க."

"அப்போ..." என்று இழுத்தேன். போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று எனக்குள் ஓர் ஆறுதல் எழுந்தது உண்மை.

"நாலு வயசு, அஞ்சு வயசு புள்ளைங்கக்கா. டீச்சர், இவன்தான் என் பென்சில ஒடச்சான்னு ஒருத்தி அழுதா, நான் அந்தப் பையன்கிட்ட, நீ ஒடச்சியா, யாரு பாத்தான்னு மொதல்ல கேப்பேன். எனக்கு அதுகூட யாரும் கேக்கல. அதான் நேரா ஒங்ககிட்டயே கேக்கலாம்னு மோட்டார எடுத்துட்டு வந்துட்டேன்."

பின்னாலிருந்து டெக்னிஷியனின் குரல் வந்தது. "கமலா, தொறந்து பாரு. போன தடவ நீ தொறக்கவே இல்ல."

அவள் முன்னால் இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை அதுதான். மூலை பிளந்திருந்ததை வெளியிலிருந்து பார்த்தேன், ஒரு படம் எடுத்தேன், கட்டத்தில் குறி போட்டேன். அவ்வளவு அனுபவம் எனக்கு. பதினேழு வருடம் ஆனவளுக்குத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

திறந்தேன். அவளைக் கவுண்டருக்கு உள்ளே வரச் சொல்லி, பக்கத்தில் நிற்கவைத்துத் திறந்தேன். வெளிப்புறத்தில் ஒரு நசுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. ஓரங்கள் புதிதுபோல இருந்தன. உள்ளே மூன்று பித்தளைக் கொட்டைகளும் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு, கீலோடு சேர்ந்து வெளியே வந்திருந்தன. விழுந்த பொருள் அடிபட்ட இடத்தில் நசுங்கும். இது உள்ளிருந்து இழுபட்டுப் பெயர்ந்தது. வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆனவருக்குக்கூட இது புரியும். எனக்கும் எப்போதோ புரிந்திருந்தது. கட்டத்தில்தான் அதற்கு இடமில்லை. கட்டத்தில் இடமில்லாததை நான் பார்க்காமல் பழகியிருந்தேன்.

"வுழலல்லக்கா?" என்றாள்.

"வுழல, டீச்சர்."

அவள் முகத்தைத் துவாலையால் துடைத்துக்கொண்டாள். புழுதியைத்தான் துடைக்கிறாள் என்பதுபோல நானும் டெக்னிஷியனும் வேறு பக்கம் பார்த்தோம்.

பழைய அறிக்கையைத் திருத்தலாம் என்று கணினியில் தேடினேன். முடித்த அறிக்கை பூட்டிக்கொள்ளும். மேலாளர்தான் திறக்க முடியும். நல்ல வேளை, மேலாளர் சரியாக அப்போது கேக் பெட்டியோடு உள்ளே நுழைந்தார். நம்மவர்தான். சிரித்த முகம். கையேட்டில் உள்ள சிரிப்புப் படங்களுக்கு அவர்தான் நின்றாரோ என்று தோன்றும்.

அவரைப் பட்டறைக்குள் கூட்டிப்போய் மூடியைக் காட்டினேன். "பாஸ், நான் தப்பா எழுதிட்டேன். அறிக்கையத் தொறந்து குடுங்க, திருத்திடறேன். இந்தப் புள்ளைக்கி மூணு மணிக்கு மீட்டிங்."

அவர் மூடியைப் பார்த்தார். பார்த்த வேகத்திலேயே அவருக்கும் எப்போதோ புரிந்திருந்தது என்று தெரிந்தது.

"கமலாக்கா, திருத்தி என்னன்னு போடுவீங்க? அதுல மூணுதான இருக்கு."

"காரணம் தெரியலன்னு போடலாம்."

"அப்டி ஒண்ணு இல்லயே லா. இருந்தா எல்லாருக்கும் அதத்தான் போடுவீங்க." சிரித்தார். "ஒண்ணுக்கு மாத்துனா எல்லாரும் வருவாங்கக்கா. அந்தப் பொண்ணுகிட்ட அனுதாபமா பேசி அனுப்புங்க. கேக் வெட்டலாம், போட்டோக்காரன் வந்துட்டான்."

தம்பி தங்கைகளே, நெருக்கடி என்றால் ஏதோ தீப்பிடித்து எரியும், ஆள்கள் ஓடுவார்கள் என்று நினைக்காதீர்கள். என் வாழ்க்கையின் பெரிய நெருக்கடி, வெண்ணெய்க் கேக்கின் முன்னால், புகைப்படக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லும்போது வந்தது. ஒரு பக்கம் சான்றிதழ். இன்னொரு பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டேகால் காட்டியது. பத்து ஆராங் ஊர் வழியாக எண்ணெய்ப்பனை லோரிகளுக்குப் பின்னால் அவள் திரும்பிப் போக ஒரு மணி நேரமாவது வேண்டும்.

நான் துணிச்சல்காரி இல்லை. சிரித்தேன். படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்னும் ரவாங் சென்டரில் தொங்குகிறது. போனால் பாருங்கள், முதல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆள், பல் வலிக்காரி மாதிரி இருப்பேன்.

படம் முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். கையால் எழுதினேன். இந்த எண் கொண்ட மடிக்கணினியை இன்று திறந்து பார்த்தேன். விழுந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. கீல் பொருத்தப்பட்ட இடம் உள்ளிருந்தே பெயர்ந்திருக்கிறது. சென்ற மாதம் திறந்து பார்க்காமல் தவறாக அறிக்கை எழுதியது நான். இவ்வளவுதான். கடைசி வரியை எழுதத்தான் நேரமானது. சென்டரின் முத்திரையை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன்.

மேலாளர் கையில் கேக் தட்டோடு பக்கத்தில் நின்றார். இப்போது சிரிப்பு இல்லை. "அந்தச் சாப் கம்பெனியோடது."

உண்மைதான். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறே இல்லை. முத்திரையை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினேன். என் பெயரை எழுதி, அடையாள அட்டை எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டேன். "இது என்னோடது பாஸ்," என்றேன். குரல் நடுங்கியது. வீரமாகச் சொன்னேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

தேன்மொழி தாளை வாங்கிப் படித்தாள். "சாப் இல்லயேக்கா. நம்புவாங்களா?"

நியாயமான கேள்வி. நான்கு வரியில் "தவறாக எழுதியவள்" என்று நானே ஒப்புக்கொண்டிருக்கும் தாள். அதை யார் நம்புவார்கள்?

அப்போது டெக்னிஷியன் பட்டறையிலிருந்து வந்தார். கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு. கவுண்டரில் வைத்துப் பிரித்தார். ஆறு மூடிகள். புது மூடி மாற்றிக்கொண்டவர்கள் விட்டுப்போன பழையவை. குப்பைக்குப் போக வேண்டியவற்றை அவர் ஒரு பெட்டியில் சேர்த்துவைத்திருந்திருக்கிறார். ஆறும் ஒரே மாடல். ஆறிலும் இடது மூலை. ஆறிலும் மூன்று கொட்டைகள் பெயர்ந்த மூன்று குழிகள், அச்சில் வார்த்ததுபோல.

"ஆறு பேரும் ஒரே மாதிரி, ஒரே பக்கமா வுழுந்தாங்களானு கேளு டீச்சர்," என்றார். பிறகு மேலாளரைப் பார்த்து, "குப்பை லோரி இன்னிக்கி சீக்கிரம் வந்துருச்சு பாஸ்," என்றார்.

மேலாளர் கேக்கைச் சாப்பிடத் தொடங்கினார்.

ஆறு மூடிகளையும் மடிக்கணினியோடு அரிசிப் பையில் அடுக்கி, அவளுடைய மோட்டாரின் முன்கூடையில் வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தோம். என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினாள். நான் செரண்டாவில் உள்ள வீட்டுக்குப் போனேன். தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணி மடித்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

ஐந்தரை மணிக்குக் கூப்பிட்டாள். வாரியத் தலைவர் என் தாளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டாராம். "இவங்க ஒரு நாளைக்கி ஒண்ணு எழுதுவாங்க," என்றாராம். அதில் எனக்குக் கோபமில்லை. அதன்பிறகு அவள் ஆறு மூடிகளையும் மேசையில் வரிசையாக வைத்து, ஏழாவதாகப் பள்ளியின் மூடியையும் வைத்திருக்கிறாள். வாரியச் செயலவையில் லோரி பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எழுந்து வந்து, குழிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்திருக்கிறார். "இது வுழுந்து ஒடஞ்சது இல்லங்க. இழுத்துப் பேந்தது. செஞ்சவன் செஞ்ச லட்சணம்," என்றாராம்.

அதோடு பேச்சு முடிந்தது. கூட்டக் குறிப்பில் "விவகாரம் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினார்களாம். மன்னிப்புக் கேட்பதற்கு அவர்கள் படிவத்திலும் கட்டம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். "ரொம்ப சந்தோஷம் டீச்சர்," என்றேன். நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

"அக்கா," என்றாள். "அந்த ஆறு மூடி யாரோடது?"

"கஸ்டமருங்களோடதுதான். வேணாம்னு வுட்டுட்டுப் போனது."

"அவங்களுக்கும் வுழுந்துச்சுனுதான எழுதிக் குடுத்தீங்க?"

மடித்த துணியைப் பிரித்தேன். "மூடிய எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்கா. வேணும்னா சொல்லுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. கோலசிலாங்கூரில் புதிதாகத் திறந்த வரவேற்பு முகப்பின் முழுப் பொறுப்பு. ஒரு தொலைபேசிக் கடையின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கணினி. என் கீழ் பணிபுரிய யாரும் இல்லை. எனவே நிர்வாகச் சிக்கல்களும் இல்லை. நாளுக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். செரண்டாவிலிருந்து தினமும் காரில் வந்துபோகும் பயணத்தில் சிந்திக்க நிறைய நேரம் இருக்கும் என்று மேலாளர் அக்கறையோடு சொன்னார். அவர் வாக்கு பலித்தது.

அங்கே இருந்தபோதுதான் நிறுவனம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. குறிப்பிட்ட அந்த மாடலில், கீல் பகுதி பாதிக்கப்பட்டிருந்தால், "நல்லெண்ண நடவடிக்கையாக" இலவசமாக மாற்றித் தரலாம். குறைபாடு என்ற சொல் எங்கும் இல்லை. நல்லெண்ணம் என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: "வாடிக்கையாளர் தாமாகக் கேட்டால் மட்டும்."

அந்த வரியைப் பலமுறை படித்தேன். கேட்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், சரி. ஆனால் கேட்கச் சொல்லி யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. இத்தனை வருடம் கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து மதித்தவள் நான். இதையும் அப்படியே மதித்தேன்.

பழைய அறிக்கைகளைத் தேடினேன். நான் "கீழே விழுந்தது" என்று குறி போட்ட அந்த மாடல் எல்லாம். பெயர், தொலைபேசி எண். அலுவலகத் தொலைபேசியிலேயே, ஆளில்லாத மதிய வேளைகளில், ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

முதல் ஆள் நான் பேச ஆரம்பித்ததும், "ஸ்கேமரா? வேற வேல இல்ல?" என்று வைத்துவிட்டார். இலவசமாகச் செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டால் மோசடி என்று மக்கள் நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதன்பிறகு பேச்சை மாற்றிக்கொண்டேன். முதல் வாக்கியமாக, "நான் ஒங்களுக்குத் தப்பா ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தவ," என்று சொல்வேன். மோசடிக்காரர்கள் அப்படி ஆரம்பிப்பதில்லை, யாரும் வைக்கவில்லை.

ஈஜோக்கில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். என் அறிக்கை விழுந்தது என்று மட்டும் சொன்னது. யார் கையிலிருந்து என்று சொல்லவில்லை. அந்த வேலையை அவர்களே செய்துகொண்டார்கள், சட்டை கிழியும் அளவுக்கு. அவர்களுடைய அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்க முடிகிற தூரத்துக்கு அது போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெராமில் ஓர் எண். எடுத்தவர் ஆண். பின்னால் ஐஸ் கட்டி கொட்டும் சத்தமும், மீன் கூடைகள் இழுபடும் சத்தமும் கேட்டன. வேலையில் இருக்கிறேன், வீட்டுக்குப் போய்க் கூப்பிடுகிறேன் என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, நான் கடையை அடைக்கப் போகும் நேரத்தில், சொன்னபடியே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். நான் எழுதியது தவறு, மடிக்கணினி விழவில்லை, கீல் தானாகவே பெயர்ந்தது, புது மூடி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கிடைத்துவிடும்.



"எம்மக கீழ போடலன்னு சொன்னாம்மா," என்றார். "படிச்சவங்க எழுதிக் குடுத்த பேப்பர் பொய்யா சொல்லும்னு நான் கேட்டேன். அவ போடலன்னே நின்னா. எனக்கு மடிக்கணினி ஒடஞ்சதுகூட பெருசாப் படல. எம்புள்ள எம்மொகத்தப் பாத்துப் பொய் சொல்றாளேன்னுதான்..." நிறுத்தினார். "கற்பூரத்த ஏத்தி, சாமி முன்னாடி நிக்க வச்சு, பொய் சொன்னதுக்கு மன்னிப்பு கேளுன்னேன். கேட்டா. ஒண்ணும் பேசாம கேட்டா. அதுலேர்ந்து எங்கிட்ட, சாப்ட்டியாப்பா, போய்ட்டு வரேம்ப்பா, அவ்ளோதான். வேற பேச்சு கெடயாது."

சிரிக்கவும் தலையைச் சாய்க்கவும் மட்டும் படித்தவள் நான். "என்ன மன்னிச்சிடுங்க," என்றேன். அது போதவில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

"எங்கிட்ட எதுக்குமா," என்றார். பிறகு தொலைபேசியை விட்டு முகத்தைத் திருப்பி, "யாழினி! இங்க வா," என்று கூப்பிட்டார். காலடிச் சத்தம். "இந்தா, ரவாங் கடைலேர்ந்து. நீயே கேளு."

"ஹலோ," என்றது ஒரு மெல்லிய குரல். பதினாறு, பதினேழு வயது இருக்கலாம்.

அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன். திறந்து பார்க்காமல் எழுதியதைச் சொன்னேன். முடித்ததும், மூடி மாற்றுவதைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்து, அந்த விவரத்தைத் தொடங்கினேன்.

"ஒரு நிமிஷம்க்கா," என்றாள். "அம்மாவும் தம்பியும் வெளிய இருக்காங்க, வரச் சொல்றேன். ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப சொன்னத மறுபடி சொல்றீங்களா?"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ தொலைக்காட்சியை அணைத்தார்கள். நான் மேசையிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அவள் சொன்னதும், தெளிவாகக் கேட்கும்படி சொன்னேன்:

"ஒங்க மக சொன்னதுதாங்க உண்மை. பொய் எழுதுனது நான்."